முதலில் மேல் போல்ட்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு பெண்டாட்டி. ஒருத்தி நான். இன்னொருத்தி ஷெட்டில் நிற்கிறாள். சிவப்பு நிறம், இரண்டே சீட், வயதில் என்னைவிட மூத்தவள். மழையில் வெளியே வர மாட்டாள், மேடு பள்ளம் ஆகாது, வாரம் ஒரு தடவை உடம்பு துடைத்துவிட வேண்டும். சக்களத்தி என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். இவருக்கு அதில் வருத்தமில்லை, உள்ளுக்குள் பெருமைதான்.

அவளால் எங்களுக்குள் இரண்டு வருஷத்துக்கு ஒரு சண்டை நிச்சயம். பின்சக்கரங்களுக்கு நடுவில் பூசணிக்காய் அளவுக்கு ஓர் இரும்பு உருண்டை இருக்கிறது. டிஃபரன்ஷியல் என்பார்கள். உள்ளே பல்சக்கரங்கள் எண்ணெயில் ஊறிக்கொண்டே சுற்றும். அந்த எண்ணெயை மாற்றும் நாளில்தான் சண்டை. அழுகின வெங்காயத்தின் மேல் தீக்குச்சியைக் கிழித்துப் போட்ட மாதிரி ஒரு நாற்றம். கையில் பட்டால் மூன்று நாள் போகாது. ஆகவே அன்றைக்கு அவர் வாசற்படியைத் தாண்டக் கூடாது. குழாயடியில் சட்டையைக் கழற்றிப் போட்டு, நான் நீட்டும் சோப்பில் மூன்று முறை குளித்த பிறகுதான் உள்ளே விடுவேன்.

சோப்புக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. சோப்புக் கம்பெனியில் பதினாறு வருஷமாக மோந்து பார்ப்பதுதான் என் வேலை. சோப்பு காய்ச்சும் ஒவ்வொரு பாத்திரத்திலிருந்தும் ஒரு துண்டு என் மேஜைக்கு வரும். நான் மோந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்குப் போகும். அங்கே எனக்கு மூக்கம்மா என்றே பெயர்.

அந்த மூக்கு செத்துப்போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. நாலு நாள் காய்ச்சல் வந்தது, போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நான் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை, இவரிடம்கூட. மோந்து பார்க்க முடியாத மூக்கம்மாவுக்கு அங்கே என்ன வேலை? சோப்பின் நிறத்தையும் பக்கத்து மேஜைக்காரியின் முகத்தையும் பார்த்து, குத்துமதிப்பாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் திங்கட்கிழமை புதுச் சோப்பு ஒன்று என் மேஜைக்கு வர இருந்தது. பச்சைக் குழந்தைகளுக்கான சோப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் இவர் எண்ணெய் மாற்றக் கிளம்பினார்.

எண்ணெய் சூடானால் நன்றாக இறங்குமாம். சக்களத்தியை ஒரு சுற்று உலாத்திக் கூட்டி வந்தார். நாலு மூலையிலும் ஜாக்கி வைத்துத் தூக்கி, நாலு இரும்புக் கால்களின் மேல் நிறுத்தி, ஒரு பக்கம்கூடச் சாயவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பழைய பாயை விரித்து அடியில் நுழைந்தார். நான் பட்டாணியும் முறமுமாக ஷெட் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். மற்ற வருஷங்களில் அந்தப் பக்கமே தலை காட்ட மாட்டேன். இந்த முறை பக்கத்தில் இருந்து பார்த்தால்தானே எப்போது திட்ட வேண்டும் என்று தெரியும்!

"மேல் போல்ட்டைத்தான் முதல்ல திறக்கணும்," என்றார் அடியிலிருந்து. ஒவ்வொரு முறையும் புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி சொல்வார். "அது திறக்குதான்னு பார்க்காம கீழ் போல்ட்டைக் கழட்டிட்டா, இருக்கற எண்ணெய் போயிடும். திரும்ப ஊத்த வழி இருக்காது."

"ஆமா, பெரிய கோட்டைக் கதவு," என்றேன்.

ஸ்பேனர் முனகியது. போல்ட் இளகியது. மாடியில் ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. காற்றாக இருக்கும் என்று நினைத்தேன். காருக்கு அடியிலிருந்து அவர் தலை மட்டும் வெளியே வந்து என்னைப் பார்த்தது. நான் சிரித்தேன். தலை உள்ளே போய்விட்டது.

அடுத்து கீழ் போல்ட். கறுப்பு எண்ணெய் கொழகொழவென்று தட்டில் இறங்கியது. இதுதான் நேரம். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தேன்.

"சீ! என்ன கண்றாவி நாத்தம்! மனுஷங்க குடியிருக்கற வீடா இது? படியேறினீங்கன்னா பாருங்க, ஆமா!"

குரல், முகச்சுளிப்பு, காலை உதறிக்கொண்டது எல்லாம் அச்சு அசலாக வந்தன. எனக்கே என்னை நினைத்துத் திருப்தி.

அவர் அடியிலிருந்து வெளியே வந்தார். கீழ் போல்ட்டின் முனையில் ஒரு காந்தம் இருக்கும். அதைத் துடைத்து என்னிடம் காட்டினார். விரலில் சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருந்தது. "துண்டு துண்டா இருந்தாத்தான் பயப்படணும். உன் சக்களத்திக்கு ஒரு குறையும் இல்ல." துணி எடுப்பதற்காக என் பின்னால் ஒரு நடை போய் வந்தார். புது வாஷர் போட்டுக் கீழ் போல்ட்டை முடுக்கினார். மேல் ஓட்டை வழியாகப் புது எண்ணெயை பம்பால் ஏற்றினார். ஓட்டை விளிம்பில் எண்ணெய் சொட்ட ஆரம்பித்ததும் நிறுத்தி மூடினார். அரைமணி நேரம் ஆகியிருக்கும். நான் பட்டாணியை உரித்து முடித்திருந்தேன்.

அவர் வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"எப்படி?"

"முக்காலிக்குக் கீழ பாரு."

குனிந்து பார்த்தேன். அந்த எண்ணெயில் முக்கி எடுத்த துணி ஒன்று, சொதசொதவென்று, என் காலடியில் கிடந்தது. அரைமணி நேரமாக அதன் மேல் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

"மேல் போல்ட்டைத் திறந்ததுமே நாத்தம் வந்துடும்," என்றார். "எப்பவும் நீ சமையலறையிலேருந்தே கத்துவ. மாடி வீட்டு டீச்சர்கூட அப்பவே ஜன்னலைச் சாத்திட்டாங்க. நீ எண்ணெயைக் கண்ணால பார்த்த அப்புறம்தான் கத்தின."

அவருக்குக் கண்ணாடிக் கடை. கண் பரிசோதிப்பதும் அவர்தான். "லைசென்ஸுக்கு வர்றவங்க போர்டுல இருக்கற எழுத்தை மனப்பாடம் பண்ணிட்டு வந்து கடகடன்னு ஒப்பிப்பாங்க. நான் பேசாம போர்டை மாத்திடுவேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. காய்ச்சல், கம்பெனி, குத்துமதிப்புக் கையெழுத்து, குழந்தைச் சோப்பு, எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசியில், "நாளைக்கு உண்மையைச் சொல்லிடு. தெரியலைன்னு ஒத்துக்கிட்டாத்தானே நான் கண்ணாடி போட முடியும்?" என்று மட்டும் சொன்னார். பிறகு அந்தச் சட்டையோடே படியேறி வீட்டுக்குள் போனார். நான் தடுக்கவில்லை. அதற்கும் சேர்த்து அழுதேன்.

திங்கட்கிழமை மேலாளர் அம்மாவிடம் சொன்னேன். மூன்று வாரத்துக் கையெழுத்துகளையும் சொன்னேன். கோபப்பட்டார், நியாயம்தான். கிடங்கில் இருந்த பெட்டிகளையெல்லாம் திரும்பப் பிரித்துப் பார்த்தார்கள். குழந்தைச் சோப்பைப் பக்கத்து மேஜைக்காரி மோந்து பார்த்து, சிக்கு வாடை அடிக்கிறது என்று திருப்பி அனுப்பினாள். நானாக இருந்தால் போட்டிருப்பேன் கையெழுத்து. என்னைப் பெட்டி கட்டும் பக்கம் அனுப்பினார்கள். "மூக்கு வந்தா நீயும் வா. மேஜை இங்கதான் இருக்கும்," என்றார் மேலாளர் அம்மா.

தெரிந்த வாசனைகள் நான்கைக் காலையும் மாலையும் மோந்து பழகச் சொன்னார் டாக்டர். மூக்கு மெல்லத் திரும்பினாலும் திரும்பும், சொல்ல முடியாது என்றார். இவர் கடையிலிருந்து நாலு குட்டி பாட்டில்கள் கொண்டுவந்தார். எலுமிச்சை, கிராம்பு, பன்னீர். நாலாவது கன்னங்கரேல் என்று இருந்தது.

"இதை டாக்டர் சொன்னாரா?"

"தெரிஞ்ச வாசனையா இருக்கணும்னார். இதைவிட உனக்குத் தெரிஞ்சது எது?"

ஏழு வாரம் நாலும் தண்ணீர்தான். பாட்டில்களைத் தூக்கி எறியலாமா என்றுகூட இருந்தது. எட்டாவது வாரம் ஒரு காலை, எலுமிச்சையில் ஒன்றுமில்லை, கிராம்பில் இல்லை, பன்னீரில் இல்லை. நாலாவதைத் திறந்தேன். எங்கேயோ தொலைவில், அடுத்த தெருவில் என்பது போல, ஒரு வெங்காயம் அழுகியது.

"சீ!" என்றேன்.

அவர் அவ்வளவு சுலபத்தில் நம்புகிறவர் இல்லை. பாட்டில்களுக்குக் காகிதம் சுற்றி, இடம் மாற்றி, என் கண்ணைக் கட்டி ஒவ்வொன்றாக நீட்டினார். மூன்று முறை மாற்றி வைத்தார். மூன்று முறையும் எண்ணெயைச் சரியாகச் சொன்னேன். மூன்றாவது முறை சொன்னதும், சந்தோஷத்தில் பாதி எண்ணெயைத் தன் கையிலேயே கொட்டிக்கொண்டார். கட்டை அவிழ்த்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு என் முகத்தைப் பிடிக்க வந்தார்.

"அந்தக் கையோட தொட்டீங்கன்னா கொலை விழும்!" என்று வீடே அதிரக் கத்தினேன்.

தொட்டார். மூன்று நாள் போகவில்லை.