எஸ்தரின் மிச்ச மூச்சு

எஸ்தர் இறந்தபின் அவளுடைய மிச்ச மூச்சு காரின் பின் கார்புரேட்டரில் தங்கிவிட்டது. குன்னூரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கிலாந்துக்காரன் இரண்டே பேருக்கென்று கட்டிய திறந்த வண்டி. எஞ்சினுக்குக் காற்று இழுக்க ஆளுக்கொரு கார்புரேட்டர் வைத்திருந்தான். முன்னால் இருந்தது அவள் கணவர் தேவசகாயத்துக்கு.

கொண்டை ஊசி வளைவில் அவர் வேகமாகத் திருப்பினால் எஸ்தர் பயந்து "ஸ்ஸ்" என்று மூச்சை இழுப்பாள். இப்போது அதே இடத்தில் வண்டி அப்படி மூச்சை இழுத்தது. அதைக் கேட்கத்தான் மனுஷன் தினமும் வண்டியை எடுத்தார். காற்றில் அவள் பறந்துவிடக்கூடாதே என்று பதினொரு மாதமாக வண்டியின் மேல்துணியை மூடியே ஓட்டினார். போன வாரம் அந்தச் சத்தம் மெலிந்துபோனது.

மெக்கானிக் ஹனீபா பாய் வந்தார். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை முன் கார்புரேட்டரில் வைத்துக் கேட்டார். பிறகு பின்னதில் வெகுநேரம் கேட்டார்.

"அம்மாகிட்ட இன்னும் ஒரு தடவை மேட்டுப்பாளையம் போய்வர்ற அளவுதான் இருக்கு சார். மூடியா ஓட்டுனீங்க?"

"காத்துல போயிடுவாளோன்னு பயம் பாய்."

"என்ன சார் நீங்க, படிச்சவங்க! வெளிக்காத்து வராட்டி அம்மா தன்கிட்ட இருக்கறதைத்தானே எடுத்து விடுவாங்க?"

தேவசகாயத்துக்கு அப்போதுதான் உறைத்தது. பொத்திப் பொத்தி வைத்து அவரே அல்லவா அவளைத் தீர்த்திருக்கிறார்! பானெட்டைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"வழியே இல்லையா பாய்?"

"ரெண்டையும் சமம் பண்ணலாம். ஆனா உங்க மூச்சுல பாதி போயிடும்."

"எடுத்துக்கங்க."

பாய் பின் கார்புரேட்டரின் திருகைத் தளர்த்தினார். தேவசகாயம் குனிந்து வாய் வைத்து, பாய் போதும் என்று சொல்லும்வரை ஊதினார். பிறகு இருவருமாக மேல்துணியை மடித்து வைத்தார்கள். தேவசகாயம் மலைப்பாதையில் இறங்கினார். முதல் வளைவில் வேண்டுமென்றே வேகமாகத் திருப்பினார். வண்டி சத்தமே போடவில்லை. அவர் வாய்தான் "ஸ்ஸ்" என்றது, எஸ்தரின் குரலில்.

திரும்பி வந்ததும் பாய் குழாயை அவர் மார்பில் வைத்துக் கேட்டார்.

"ரெண்டும் சமமா ஓடுது சார். வியாழக்கிழமை வாங்க, உங்களுக்கு ஆயில் மாத்திடலாம்."

தேவசகாயம் சரியென்று சட்டைப் பொத்தான்களை மாட்டினார். அவளுக்குக் காற்று வேண்டுமே என்று மேல் பொத்தானை மட்டும் திறந்தே விட்டார்.