தலையணையோடு வீடு பார்த்தவள்

பெரிய ஆஸ்பத்திரியில் இராத்திரி வேலை பார்க்கும் நர்ஸ் அவள். ஊர் எழுந்திருக்கிற நேரத்தில்தான் அவள் படுக்க முடியும். இப்போதிருக்கும் வீட்டை அவளும் புருஷனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து, அமைதியில் மயங்கி அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கீழே தகரப் பட்டறையின் ஷட்டரைத் தூக்கினார்கள். அதோடு போயிற்று தூக்கம். போன வாரம், ஒருவருக்குப் போட வேண்டிய ஊசியை அடுத்த கட்டில்காரருக்குப் போடப் போய், கடைசி நொடியில் கையை இழுத்துக்கொண்டாள். அதை யாரும் பார்க்கவில்லை. ஆனால் அவளுக்குத் தெரியுமே, கண்ணுகளா!

அதனால் இந்த முறை வேலை நாளில், காலை பத்து மணிக்கு, கையில் தலையணையோடு வீடு பார்க்கக் கிளம்பினாள். கூடவே பஸ் கண்டக்டரான அவள் புருஷனும், வாய் ஓயாத புரோக்கரும்.

ஸ்டேஷன் பக்கத்து வீட்டில் காற்று பிய்த்துக்கொண்டு வந்தது. தரையில் படுத்துக் கண்ணை மூடினாள். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று ஒலிபெருக்கி அவள் காதிலேயே வந்து சொன்னது. எழுந்துவிட்டாள்.

ஊருக்கு வெளியே புதுசாக முளைத்த பகுதியில் ஈ, காக்காய் கிடையாது. ஆனால் ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பஸ் மாறி, ஒன்றரை மணி நேரம்.

"பஸ்ல தூங்கிக்கலாமே மேடம்," என்றார் புரோக்கர்.

"நின்னுக்கிட்டா? என் பஸ்ல ஏறிப் பாருங்க, தெரியும்," என்றான் கண்டக்டர்.

மூன்றாவது, ஊர் நடுவில் ஒரு பழைய கட்டடம். நெருக்கமான தெரு. ஆனால் ரெண்டாவது மாடியில் படுத்தவளுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். தூக்கம் வருவதற்குப் பதில் சந்தேகம் வந்தது. இத்தனை குடித்தனம் இருக்கிற இடத்தில் ஒரு தும்மல்கூட இல்லையே?

விருட்டென்று எழுந்து கதவைத் திறந்தாள். படியில் ரெண்டு பொடிசுகள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒரு தச்சர் துளைபோடும் மெஷினை மடியில் வைத்திருந்தார். மேல் வீட்டுத் தையல்காரம்மா எட்டிப் பார்த்தாள்.

"பாத்து முடிச்சாச்சா? நாலு பாவாடை தைக்கணும். மெஷினைத் தொடக்கூடாதுன்னு ஓனர் ஆர்டர்!"

பின்னால் நின்ற வீட்டுக்காரருக்கு முகம் தொங்கிப்போயிற்று. "அஞ்சு மாசமா பூட்டிக் கெடக்கும்மா. அதான்…"

"இன்னொரு தடவை ஏமாந்திருப்பேனே சார்! போன வாரம் ஊசியையே ஆள் மாத்திப் போடப் பாத்தேன். நான் தூங்கலைன்னா ஆஸ்பத்திரியில ஒரு உசிரு போகும்," என்றாள். ஊசி விஷயம் அவள் புருஷனுக்கே அப்போதுதான் தெரியும்.

தையல்காரம்மாதான் கேட்டாள். "எத்தனை மணி வரைக்கும் தூங்கணும்?"

"ரெண்டு."

"அதுவரைக்கும் நான் கையால பட்டன் கட்டுறேன், பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்குறேன். அண்ணே, நீங்க?"

"மத்தியானத்துக்கு மேல துளை போட்டா துளை விழாதா என்ன?" என்றார் தச்சர்.

இருந்தும் அவளுக்கு மனசு ஒப்பவில்லை. கண்டக்டர் வேண்டாமென்று தலையாட்டினான். பட்டறையும் மாறாது, ஸ்டேஷனும் மாறாது. மனுஷர்களிடம் பேசியாவது பார்க்கலாம் என்று அவள் சரி சொன்னாள்.

குடிவந்த முதல் நாள் காலை படுத்தாள். மேலே யாரோ நுனிக்காலில் நடந்தார்கள். ஒரு பாத்திரம் விழுந்தது. உடனே கட்டடமே மூச்சை அடக்கிக்கொண்டது. அடுத்த சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு புரண்டு புரண்டு கிடந்தாள். கடைசியில் கதவைத் திறந்து கத்தினாள்:

"அக்கா, பாத்திரம் விழுந்தா விழட்டும்! சும்மா நடங்க! மெஷினும் துளையும் மட்டும் வேண்டாம்!"

மேலே ஒரு சிரிப்பு. பிறகு குழாய்ச் சத்தம், பேச்சுச் சத்தம்.

ஒரு மணிக்கு ஷிப்ட் முடிந்து வந்த கண்டக்டர், உள்ளே தாழ் போட்டிருந்த கதவைத் தட்டினான். பதில் இல்லை. பயந்துபோய் இன்னும் பலமாகத் தட்டினான். மூன்று மாடியிலிருந்தும் தலைகள் நீண்டன.

"ஷ்ஷ்! அறிவு இருக்காய்யா? உள்ள ஒருத்தங்க தூங்குறாங்க!"

அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.