ஊசிக்கும் சோற்றுக்கும் நடுவே ஒரு ரோடு

மருந்துக் கடைக்காரிக்கு அந்த ரோட்டின் மேல் இருந்த கோபத்தைவிட, தம்பி பெண்டாட்டியின் மேல் இருந்த வயிற்றெரிச்சல்தான் பெரிது. ரோட்டைத் திட்டினால் கூடச் சேர்ந்து திட்ட நாலு பேர் வருவார்கள். தம்பி பெண்டாட்டியை எதைச் சொல்லித் திட்டுவது? அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது கை விழுந்ததிலிருந்து, சாயங்காலச் சாப்பாட்டை ஊட்டுவது மகளின் பங்கு. கடையிலிருந்து தம்பி வீட்டுக்கு ஸ்கூட்டரில் கால் மணி நேரம். கடைக்கும் பாலத்துக்கும் நடுவே ரோட்டைத் தோண்டிப் போட்டார்கள், கால் மணி நேரம் ஒரு மணி நேரமானது. ஆறே மாதத்தில் முடியும் என்று பலகை நட்டார்கள். பலகை வெளுத்து எழுத்தே அழிந்துவிட்டது. வேலை மட்டும் ஆமையிடம் யோசனை கேட்டு நடந்தது. இருக்கிற ஒற்றை வழியில் இரண்டு பக்கத்து வண்டிகளும் மாறி மாறிப் போக வேண்டும். அதற்குக் கொடி பிடித்து விசில் ஊத ஒருவன். அவன் பச்சைக் கொடியைத் தூக்குவதற்குள் நமக்கு ஒரு வயது கூடிவிடும்.

அவள் போய்ச் சேரும்போது அப்பா சாப்பிட்டு வாய் துடைத்திருப்பார். ஊட்டியவள் தம்பி பெண்டாட்டி. போதாததற்கு அவளை "அம்மாடி" என்று வேறு கூப்பிட ஆரம்பித்திருந்தார். நாற்பது வருஷமாக அந்த வீட்டுக்கு ஒரே ஒரு அம்மாடிதான். நேற்று வந்தவள் அடிமடியிலேயே கை வைத்துவிட்டாள்.

அதனால் போன வாரம் ஒரு உத்தரவு போட்டாள். சர்க்கரைக்கான ஊசியை நீ போடு, சோற்றை நான் வந்துதான் ஊட்டுவேன், அதுவரை கிண்ணத்தைத் தொடாதே. சின்னவள் மறுபேச்சில்லாமல் தலையாட்டினாள்.

இன்றைக்கு அவள் வரிசையில் நின்றிருந்தபோது சின்னவளே போன் செய்தாள். மாமாவுக்குப் பசிக்கிறதாம், நானே ஊட்டிவிடட்டுமா அண்ணி என்று கேட்டாள். கேட்டதுதான் தாமதம், இவளுக்கு உள்ளே பற்றிக்கொண்டது.

"பாலம் தாண்டிட்டேன். அஞ்சு நிமிஷம். நீ ஊசி மட்டும் போட்டுடு."

அத்தனையும் பொய். பாலமே இன்னும் கண்ணில் படவில்லை. முன்னால் அறுபது வண்டிகள் நின்றன, அதற்கும் முன்னால் ஒரு ரோடு ரோலர் குறுக்கே நின்றது, அதன் டிரைவரைக் காணோம்.

ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை இறங்கி ஆளே விழுந்துவிடும். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இரண்டு தடவை சொல்லி அனுப்புகிறவள் அவள். ஊருக்குத்தான் உபதேசம். பத்து நிமிஷம் போனது, இருபது போனது. போனை எடுத்து "ஊட்டிடு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எடுத்தாள். அப்பா சின்னவளின் கைக்கு வாயைத் திறப்பது கண்முன் வந்தது. போனைப் பைக்குள் போட்டாள்.

முப்பதாவது நிமிஷத்தில்தான் பயம் வந்தது. கூப்பிட்டாள், மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் அப்படியே. ஸ்கூட்டரை ஓரத்தில் போட்டுவிட்டு, தோண்டிய மண்ணில் விழுந்து எழுந்து ஓடினாள்.

அப்பா தலையணையில் சாய்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கிண்ணம் மூடியபடியே இருந்தது. போன் உள்ளறையில் சார்ஜில் கிடந்தது.

"ஊசி போட்டியா?"

"இன்னும் இல்ல அண்ணி. நீங்க பேசறப்போ பின்னாடி கொடிக்காரன் விசில் கேட்டுச்சு. உங்களக் கண்ணால பார்த்தப்புறம் போடலாம்னு இருந்துட்டேன்."

குத்தலாகச் சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். பொறுமையிலும் சின்னவளே முந்திக்கொண்டாளே என்று அதற்கும் ஒரு பொறாமை வந்தது, அந்த நிலையிலும்.

சின்னவள் ஊசி போட்டாள். இவள் கையைக் கழுவிக்கொண்டு கிண்ணத்தை எடுத்தாள். ஆசைப்பட்டது ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. அவசரத்தில் முதல் கரண்டியில் பாதி அப்பாவின் சட்டையில் விழுந்தது.

"ரோடு எப்போ முடியும்?" என்றார் அப்பா.

"தெரியலப்பா."

"அது முடியற வரைக்கும் இவளே ஊட்டட்டும். எனக்குப் பசி தாங்கல."

கோபமில்லை, பாசமில்லை, வெறும் பசி. அவள் கிண்ணத்தைச் சின்னவளிடம் நீட்டினாள். சின்னவள் தயங்கினாள். "வாங்கிக்கோ, ஆறிடும்," என்றாள் இவள்.

பொறாமை போய்விட்டது என்றால் அது பொய். அப்பா கிண்ணத்தைக் காலி செய்கிறவரை அவள் அங்கேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.