வெள்ளத்துக்கு ஒரு பாஸ்வேர்டு

கட்டடத்துக்குள் நுழையும்போது தங்கை டாம்சின் போனில் அழைத்தாள்.

“இது கடைசி ரவுண்டு கிரிலி. என்ன கேட்டாலும் ‘நல்ல கேள்வி’ன்னு சொல்லு. வாய மட்டும் பூட்டி வை.”

“பூட்டிட்டு எப்படிடீ பதில் சொல்றது?”

“பாத்தியா, ஆரம்பிச்சிட்டே.”

செய்தித்தாள் ஒன்றின் இணையப் பிரிவிலிருந்து என்னை வேலையைவிட்டு அனுப்பி ஒரு வருடம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து நேர்முகங்கள்தான். ஓரிடத்தில் நிதானம் அதிகம் என்றார்கள். அடுத்த இடத்தில் வேகமாகப் பேசினேன். அங்கே அவசரக்காரி என்றார்கள். அதற்கடுத்த இடத்தில் பதிலுக்கு முன் மூச்சை இழுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றும்போது, போய்வந்தது யார் என்று எனக்கே தெரியாது.

இந்தச் செய்தி நிறுவனத்துக்கு, தன் ஆப்பைத் திட்டமிட்டு நடத்த ஒரு பிராடக்ட் மேனேஜர் தேவை. அறையில் இருவர். டேமன் ஃப்ரெய்ன், ஆப் பிரிவின் தலைவர். ஓர்லா, ஆள் எடுக்கும் பிரிவு. ஜன்னலுக்குக் கீழே பிரிஸ்பேன் நதி பழுப்பாக, ஒன்றும் அறியாததுபோல் போய்க்கொண்டிருந்தது.

“போன வெள்ளத்துல கட்டணம் வேண்டாம்னுட்டு, எங்க ஆப்ப எல்லாருக்கும் திறந்துவிட்டோம்,” என்றார் டேமன். “கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம். தண்ணி வடிஞ்சதும் எல்லாரும் போயிட்டாங்க. ஒருத்தர் பேருகூட எங்ககிட்ட இல்ல. அடுத்த தடவ வெள்ள வரைபடத்துக்கு முன்னாடி ஒரு பதிவுப் பக்கம் வைக்கிறோம். இலவசம்தான். மெயில், பாஸ்வேர்டு, அவ்வளவுதான். இத எப்படி ஜெயிக்க வைப்பீங்க?”

பதில் தயாராக இருந்தது. பாதிப் பேருக்கு ஒரு பக்கம், மீதிப் பேருக்கு வேறொன்று, எதில் அதிகம் பேர் பதிகிறார்கள் என்று பார்க்கலாம். நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அது அவ்வளவு சுலபமாக வந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது.

அந்த வெள்ளத்தில் சமையலறைக்குள் தண்ணீர் நுழைந்தபோது, எந்தத் தெரு மூழ்கியது என்று காட்டும் அந்த வரைபடத்தை ஈர விரலால் தொட்டேன். உடனே திறந்தது. அதைப் பார்த்துத்தான் ஆற்றோரச் சாலையை விட்டு மேட்டு வழியாகக் காரைத் திருப்பினேன்.

“ஜெயிக்க வைக்க மாட்டேன்,” என்றேன். “அந்தப் பக்கத்த வைக்கவே மாட்டேன்.”

ஓர்லாவின் பேனா நின்றது. டேமன் சிரித்தார். “ஒரு நிமிஷ வேலை கிரிலி. யாருக்கு என்ன கஷ்டம்?”

“அப்ப செஞ்சு காட்டுங்களேன். உங்க போன்ல ஆப்லேருந்து வெளிய வந்துட்டு, திரும்ப உள்ள போங்க.”

விளையாட்டாக எடுத்துக்கொண்டார். முதல் பாஸ்வேர்டு தவறு. இரண்டாவதும் தவறு. மூன்றாவது முறை ஆப் அவர் கணக்கைப் பூட்டிவிட்டது. “மாத்தறதுக்கு லிங்க் வரும்... அட, அது என் பழைய மெயிலுக்குல்ல போகுது.”

“டேமன்,” என்றாள் ஓர்லா, உதட்டைக் கடித்தபடி, “தண்ணி முட்டிக்கு வந்திருச்சு.”

அவர் காது சிவந்தது. போனைக் கவிழ்த்து வைத்தார். “நல்லா மடக்கினீங்க. ஆனா இது மேலிடம் எடுத்த முடிவு. வேலைக்கு வந்தா உங்களுக்கு முதல் வேலையே இதுதான். செய்வீங்களா, மாட்டீங்களா?”

உள்ளே போன பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று மனம் பேரம் பேசியது. எவ்வளவு இனிமையான குரல் அதற்கு! ஒரு வருடமாக ஒவ்வொரு அறையிலும் அதன் பேச்சைத்தான் கேட்டுவந்திருக்கிறேன்.

“மாட்டேன். வரைபடத்த திறந்தே வைங்க. தண்ணி வடிஞ்சப்பறம் போய் கேளுங்க, பேரு குடுப்பாங்க. அந்த வேலைன்னா நாளைக்கே வரேன்.”

“அப்ப நமக்கு ஒத்து வராது.”

“வராது.”

ஓர்லா லிப்ட் வரை கூட வந்தாள். “யோசிக்கிறேன்னாவது சொல்லியிருக்கலாமே கிரிலி. நான் உள்ள பேசிப் பாத்திருப்பேன்.”

“சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன் ஓர்லா. யோசிச்சிருந்தா சம்மதிச்சிருப்பேன்.”

கதவு மூடியது. கண்ணாடியில் ஒருத்திதான் நின்றிருந்தாள். அவள் யார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. வாயைப் பூட்டவில்லை என்று சொல்ல டாம்சினை அழைத்தேன்.