ஊஃபருக்கு ஓர் இடம்

பல் டாக்டருக்குப் படகு ஓட்டத் தெரியாது. ஆனால் படகில் என்னென்ன இருக்கவேண்டும் என்பது மட்டும் அத்துப்படி. கடைக்குள் நுழைந்ததுமே கைபேசியை எடுத்து, சேர்த்துவைத்திருந்த படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். கூரையில் ஸ்பீக்கர், மேல்தட்டைச் சுற்றிலும் கலர் விளக்கு, சுக்கானுக்கு எதிரே சுவரளவு திரை. வழி காட்டுகிற சாமான் ஒன்றுகூட அதில் இல்லை.

"கரை கண்ணுக்குத் தெரியுற தூரம்தானே போகப்போறோம்? அதெல்லாம் பேருக்கு ஒண்ணு போட்டா போதும்" என்றார்.

படகுத்துறையை ஒட்டிய சின்னக் கடை அது. அக்கா கல்லாவையும் போனையும் பார்த்துக்கொள்வாள். அவள் புருஷன் வியாபாரம் பேசுவார். தம்பிக்கு வயரிங். துறையில் யாரும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'வயர்' என்றுதான். தொட்டால் ஷாக் அடிக்கும் என்பதால் வந்த பேர் என்று அத்தான் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அம்மா போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியது இந்த இரண்டு பேர்தான். அத்தான் ஒருநாள்கூட அவனை வேற்றாளாக நினைத்ததில்லை. ஆனால் தொழில் என்று வந்துவிட்டால் அத்தானுக்கும் மச்சானுக்கும் ஏழாம் பொருத்தம்.

திரை விஷயத்தில்தான் முதலில் முட்டிக்கொண்டது. வரைபடத்துக்கு ஒரு திரை, பாட்டுக்கு ஒரு திரை என்று இரண்டு வேண்டும் என்றான் வயர். ஒன்றே போதும், பட்டனைத் தட்டினால் படம், மறுபடி தட்டினால் வரைபடம் என்றார் டாக்டர். "தாராளமா" என்று அத்தான் தலையாட்டிவிட்டார்.

"ஓட்டுறவன் கண்ணு முன்னால மேப் எப்பவும் இருக்கணும் அத்தான். பாட்டுப் பாத்துக்கிட்டு உக்கார இது என்ன சலூனா?"

"படகு அவருது மச்சான். நமக்கென்ன வந்துது?"

டாக்டருக்கு ஓட்டத் தெரியாது என்பதால் ஆட்டோபைலட் மட்டும் கட்டாயம் என்று வயர் ஒற்றைக்காலில் நின்றான். இந்தத் திசையில் போ என்று சொல்லிவிட்டால் அதுவே சுக்கானைப் பிடித்துக்கொள்ளும். அதற்குத் திசை சொல்வது உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு டப்பா, காம்பஸ் சென்ஸார். பக்கத்தில் காந்தம் வந்தால் அதற்குப் புத்தி கெட்டுவிடும். தெற்கைக் கிழக்கு என்று சாதிக்கும், கேட்கிற ஆட்டோபைலட்டும் நம்பும். அதனால் எஞ்சினுக்கு எட்டத்தில், பின் சீட்டுக்கு அடியில், பலகைக்குப் பின்னால் அதைப் பொருத்தினான். பிறகு படகைக் கடலுக்கு ஓட்டிப்போய் வட்டம் வட்டமாகச் சுற்றி, டப்பாவுக்குத் திசையைப் பழக்கினான். அதற்கப்புறம் அந்தப் பக்கத்தில் எதையாவது கொண்டுவந்து வைத்தால் சுற்றிய சுற்றெல்லாம் வீண். இது அத்தானுக்குத் தெரியாது. அவர் கேட்டதுமில்லை, இவன் சொன்னதுமில்லை.

முதல் பயணத்தன்று காலையில் டாக்டரிடமிருந்து போன். சாயங்காலம் விருந்தாளிகள் வருகிறார்கள், பாட்டுக்கு அதிர்வே இல்லை, நெஞ்சு அதிர வேண்டும், ஊஃபர் ஒன்று வேண்டும்.

"இன்னிக்கு முடியாது" என்றான் வயர்.

"ஏன் மச்சான்? ஒரு பெட்டிதானே?"

ஊஃபருக்குள் இருப்பது பெரிய காந்தம் என்று சொல்லியிருக்கலாம். வீம்பு. சொன்னால் மட்டும் காதில் போட்டுக்கொண்டு கிழித்துவிடுவார்களாக்கும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். அத்தான் டிரில்லிங் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஊஃபரைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தானே கிளம்பிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் கடை போன் அடித்தது. அக்கா எடுத்தாள்.

"டேய், உங்க அத்தான்தான். ஊஃபரைப் பின் சீட்டுக்கு அடியில வைக்கலாமான்னு கேக்குறாரு."

காதில் நன்றாகத்தான் விழுந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஆனால் அவன் மனசு வேறு கணக்குப் போட்டது. வைக்கட்டும். படகு கோணலாகப் போகும். விருந்தாளிகள் முன்னால் டாக்டர் கத்துவார், அத்தான் அசடு வழிவார். அப்போதுதான் என் அருமை தெரியும். இந்த அற்பச் சந்தோஷத்துக்கு மேல் அவன் எதையும் நினைக்கவில்லை. பாவி, நினைத்திருக்க வேண்டும்.

"எங்க எடம் இருக்கோ அங்க வைக்கச் சொல்லு. என்னை எதுக்குக் கேக்குறாரு?"

அக்கா அதை அப்படியே போனில் சொன்னாள். "எங்க எடம் இருக்கோ அங்க வைக்கச் சொல்றான்ங்க. துரை கோவத்துல இருக்காரு." அந்தப் பக்கம் அத்தான் சிரித்தது இவனுக்குக்கூடக் கேட்டது.

சாயங்காலம் டாக்டர் அத்தானையும் கூட்டிக்கொண்டு போனார், படகை ஓட்டவும் சாமான்களை இயக்கிக் காட்டவும். திரும்புகிற வழியில் மூடுபனி இறங்கிவிட்டது. துறைமுக வாய்க்கான திசையை ஆட்டோபைலட்டில் போட்டுவிட்டு, "நேராத்தான் போறோம், பயப்படாதீங்க" என்றிருக்கிறார் அத்தான். ஆட்டோபைலட்டில் திசை எண் சரியாகத்தான் காட்டியது. திரையில் யாரோ பாட்டைப் போட்டிருந்ததால் வரைபடம் இல்லை. கரை விளக்கு ஏன் இன்னும் தெரியவில்லை என்று பார்க்க அவர் முன்பக்கம் போய் நின்ற நேரத்தில் படகு அலைத்தடுப்புப் பாறையில் மோதியது. மற்றவர்களுக்குக் கை, கால், மண்டையில் அடி. அத்தான் பாறைக்கும் படகுக்கும் நடுவில் விழுந்துவிட்டார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு துறைமுக அதிகாரி அக்காவையும் தம்பியையும் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் உப்புப் பூத்த ஊஃபர், பக்கத்தில் கறுப்பு டப்பா. அதிகாரி சட்டைப்பையிலிருந்து சின்ன காம்பஸ் ஒன்றை எடுத்து ஊஃபரிடம் நகர்த்தினார். முள் துடித்துத் திரும்பி ஊஃபரைப் பார்த்து நின்றுவிட்டது. அக்கா அந்த முள்ளையே பார்த்தாள். அப்புறம் மெதுவாகத் தம்பியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ரெண்டுக்கும் நடுவுல வெறும் பலகை. வயரிங் தெரிஞ்ச யாரும் அங்க வைக்கமாட்டாங்க. உங்ககிட்ட அவர் கேக்கலையா?" என்றார் அதிகாரி.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். சத்தியமாகத்தான். லைசென்ஸ் போகும், கேஸ் வரும், உள்ளே தள்ளுவார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு மூச்சில் கண்முன் வந்து நின்றது.

"கேட்டாருங்க. பின் சீட்டுப் பக்கம் மட்டும் வேண்டாம்னு சொல்லச் சொன்னேன்."

"யார்கிட்ட?"

நாக்கு அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை.

"அக்காதான் போன் பேசுனாங்க."

அதிகாரி அக்காவின் பக்கம் திரும்பினார். "உங்க தம்பி அப்படிச் சொன்னாராம்மா?"

வயர் தரையைப் பார்த்தான். பொய் என்று கத்திவிடு, செருப்பைக் கழற்றி அடி என்று மனசுக்குள் கெஞ்சினான்.

"ஆமாங்க. சொன்னான். நான்தான் அவர்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். "ஒரு வார்த்தைம்மா. சொல்லியிருந்தா உங்க வீட்டுக்காரர் இன்னிக்கு இருந்திருப்பாரு."

"ஆமாங்க" என்றாள் அக்கா.

வெளியே வந்ததும் வயர் அவள் கையைப் பிடிக்கப் போனான். அவள் நகர்ந்துகொண்டாள்.

"அக்கா, திரும்பிப் போய் உள்ளதைச் சொல்லிடுறேன்க்கா."

"சொல்றவனா இருந்தா உள்ளேயே சொல்லியிருப்ப." அவள் குரல் உயரவே இல்லை. "அவரு போனது நீ தெரிஞ்சு பண்ணதில்லடா. ஏதோ கோவம், என் தலையெழுத்துன்னு மனசைத் தேத்திக்குவேன். இப்ப பண்ணியே, இது தெரிஞ்சு பண்ணது."

"அப்ப ஏன்க்கா ஆமான்னு சொன்ன?"

"அம்மா உன்னை என் கையில பிடிச்சுக் குடுத்துட்டுப் போனா. அதுக்காக. இதோட அது முடிஞ்சுது. இனிமே என்னை அக்கான்னு கூப்பிடாத."

அவள் முன்னால் நடந்தாள். அவன் எட்டத்தில் பின்னாலேயே போனான். அவர்களுக்கு முன்பே சேதி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அக்கா படியேறியதும் உள்ளேயிருந்து அத்தானின் அம்மா தலைவிரிகோலமாக எழுந்து வந்தாள்.

"சண்டாளி! ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வலிச்சுதாடி? எம் புள்ளையை முழுங்கிட்டியேடி!"

மாமியார் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள், மார்பில் குத்தினாள். அக்கா தடுக்கவில்லை. "மறந்துட்டேன் அத்தை, மறந்துட்டேன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். வயர் வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று அத்தனையையும் கேட்டான். உள்ளே போகவில்லை.