சக்கரவர்த்தியின் கடைசிப் பக்கம்

இசை உலகம் எழுந்து நிற்கக் கடவது! எழ முடியாதவர்கள் உட்கார்ந்தபடியே கேட்கலாம். இசைச் சக்கரவர்த்தி அவர்களும் தமது இறுதிப் படைப்பைச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துதான் தொடங்கினார்.

சக்கரவர்த்தி என்பது இசைச் சங்கம் கொடுத்த பட்டம். சாம்ராஜ்யம் என்று பார்த்தால், ஒரு பற்பசை விளம்பரம், வங்கிக்குப் போன் செய்தால் காத்திருக்க வைக்கும் மெட்டு, லிஃப்ட் கதவு திறக்கும்போது கேட்கும் மூன்று சுரம். வீட்டில் அந்தப் பட்டத்தைச் சொல்லுகிறவர் மருமகன் ஒருவர்தான், அதுவும் மாமனார் காதில் விழாத தூரத்தில்.

பக்கவாதம் வலக்கையை மொத்தமாக எடுத்துக்கொண்டு, இடக்கையில் பாதியை விட்டுவைத்திருந்தது. அந்தப் பாதிக் கையால் ஒரே ஒரு பக்கம் எழுதிவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. பற்பசைக்காக அல்ல, வங்கிக்காக அல்ல, தனக்காக. டாக்டர் கெடு எதுவும் சொல்லவில்லை. மகளை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அதற்குமேல் ஒரு கெடு வேண்டுமா?

ஏற்பாடு பழையதுதான். கீபோர்டிலிருந்து ஒரு கேபிள் கம்ப்யூட்டருக்குப் போகும், அப்பா வாசிப்பதைச் சாஃப்ட்வேர் ஐந்து கோடுகளின் மேல் சுரங்களாக எழுதிக்கொண்டே போகும், மகள் திருத்துவாள். அன்று காலை அவர் வாசித்தார். கீபோர்டின் சொந்த ஸ்பீக்கரில் மெட்டு ஈனமாகக் கேட்கவும் செய்தது. திரையில் கோடு நகர்ந்தது, கட்டங்கள் நிரம்பின. எல்லாம் 'இங்கே சத்தமில்லை' என்று சொல்லும் ஓய்வுக்குறி. ஒரு சுரம்கூட ஏறவில்லை.

மருமகன் வரவழைக்கப்பட்டார். டிவி ரிமோட்டை ஒருமுறை சரிசெய்த குற்றத்துக்காக அந்த வீட்டின் ஆயுட்கால எஞ்சினியர் அவர். கேபிளை மாற்றினார். வேறு துளையில் செருகினார். துளையை ஊதினார். கீபோர்டைப் பிடித்துவைத்திருக்கக்கூடிய மற்ற புரோகிராம்களை எல்லாம் மூடினார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். ஒவ்வொரு முறையும் ஒற்றை விரலால் ஒரு தட்டு தட்டினார்; சுரம் வந்து உட்கார்ந்தது. மனைவியைத் தட்டச் சொன்னார், அதுவும் உட்கார்ந்தது.

"நாங்க தட்டினா ஏறுது மாமா. நீங்க தட்டினா மட்டுந்தான் ஏறல."

"உங்க கை பட்டா எழுதுதுன்னா, அதோட ரசனை அவ்வளவுதான் மாப்பிள்ளை."

மருமகன் இன்னொரு கேபிள் தேடி உள்ளே போனார். மகளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்பாவுக்கு உடம்பு நன்றாக இருந்த காலத்திலேயே சுண்டுவிரல் பக்கத்துக் கட்டையை உரசும். உரசியதையும் சாஃப்ட்வேர் விசுவாசமாக எழுதிவைக்கும். விரல் படுகிறது என்று மகள் சொல்லப்போக, வீடு இரண்டுபட்டது. தன் விரல் தவறாகப் படாது, மெஷின்தான் ஒட்டுக்கேட்கிறது, அதன் காதைக் கொஞ்சம் அடைத்துவை என்று உத்தரவானது. அவளும் சாஃப்ட்வேரின் அமைப்புகளுக்குள் போய், இவ்வளவு அழுத்தத்துக்குக் கீழே பட்டதைச் சுரமாக எடுத்துக்கொள்ளாதே என்ற எல்லையை ஏற்றிவைத்தாள். பிறகு இன்னும் ஏற்றினாள். வீட்டில் அமைதி திரும்பியது. அவள் அதை மறந்தும் போனாள்.

இப்போது அவருடைய கைக்கு அந்த எல்லையைத் தாண்டும் பலம் இல்லை.

இதை அப்பாவிடம் சொல்வதென்றால் இரண்டு உண்மைகளைச் சொல்ல வேண்டும். அன்றைக்கும் விரல் தவறியது. இன்றைக்கு விரலே செத்துக்கொண்டிருக்கிறது. அப்பாவின் வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டு, அவள் எல்லையைச் சத்தமில்லாமல் அடிமட்டத்துக்கு இறக்கினாள்.

"இப்ப வாசிங்கப்பா."

வாசித்தார். திரை கறுத்தது. நடுங்கும் விரல் ஒவ்வொன்றும் அக்கம்பக்கத்துக் கட்டைகளையும் கூட்டிக்கொண்டு வந்தது. சிந்திய சர்க்கரையில் எறும்பு மொய்த்தமாதிரி ஐந்து கோடும் மூடிப்போயின. அவள் எல்லையைக் கொஞ்சம் ஏற்றினாள். மறுபடி வாசிக்கச் சொன்னாள். இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். ஒரு அளவில் எறும்பு, அடுத்த அளவில் வெறுமை. மெட்டு இருக்கும் இடம் இரண்டுக்கும் நடுவில் எங்கேயும் இல்லை.

அவர் திரைப் பக்கம் குனிந்து, எறும்பு மொய்த்த பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். படிக்கத் தெரிந்தவர், பாவம்.

"இது யாரு எழுதினது?"

"மெஷின் இன்னும் சரியாகலப்பா."

அவர் மகளைப் பார்த்தார். பிறகு கட்டைகளைப் பார்த்தார்.

"அன்னைக்கு அதோட காதை அடைச்சியே, அந்த அளவுக்கே வை."

வைத்தாள். பக்கவாதத்தின் அடுத்த அடி விழும்வரை தினமும் காலையில் அவர் வாசித்தார், திரைப் பக்கம் தலையைத் திருப்பாமல். ஓய்வுக்குறிகள் பக்கம் பக்கமாகச் சேர்ந்தன.

இரங்கல் கூட்டத்தில் சங்கத் தலைவர், சக்கரவர்த்தி விட்டுச்சென்ற மகத்தான இறுதிப் படைப்பு ஒரு கருவியின் துரோகத்தால் உலகுக்குக் கிடைக்காமல் போயிற்று என்று குரல் தழுதழுக்க முழங்கினார். மகள் தலைகுனிந்துகொண்டாள். மருமகனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளே கீபோர்டைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனார். கடைக்காரர் எல்லாக் கட்டைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

கீபோர்டில் எந்தக் கோளாறும் இல்லை.