அகில இலங்கைக்கும் உரியவர்

...மீனாகவும் இருக்க முடியாது, மீன் நல்ல மீன், அறக்குளா, விடியற்காலையில் கடலில் இருந்திருக்கும், அதற்குமேல் எருமைத் தயிர், அதற்குமேல் வட்டிலப்பம், இவ்வளவையும் குறை வைக்காமல் சாப்பிட்ட மனிதன் வயிற்றில் கோளாறு என்று சொன்னால் வயிறே சிரிக்கும், அப்படியானால் நெஞ்சுக்குள் இந்த ஈரச்சாக்கைக் கொண்டுவந்து போட்டது யார்... ஜெமீல் கட்டிலில் மறுபக்கம் புரண்டார். சாய்ந்தமருதில் சம்பந்தியாகப் போகிறவர்களின் வீடு இது, முன்னறை இது, விருந்தாளிக்காக இன்றுதான் பிரித்த விரிப்பு, அதில் இன்னும் கடை மடிப்பு போகவில்லை. வீட்டு ஆண்கள் அஸர் தொழப் பள்ளிக்குப் போகிறார்கள், தொழுதுவிட்டுப் பெரியவர்களோடு திரும்பி வருவார்கள், கலியாணப் பேச்சுக்கால் நடக்கும், மகன் முஹ்ஸினுக்கு இந்த வீட்டுப் பெண் றுஸ்தாவை மணம் செய்ய முழுச் சம்மதம் என்று இவர் வாயால் ஒரு சொல் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை, ஒரே ஒரு சொல், பரிசளிப்பு விழாக்களில் நாற்பது நிமிடம் பேசிவிட்டு ‘நேரம் போதாமையால்’ என்று முடிக்கிறவருக்கு ஒரு சொல் என்ன பெரிய காரியம். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இந்த வீடு நிற்கிறது. இந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருகிறவன், பெண்ணுக்கென்று கட்டிய வீட்டில் கடைசிவரை இருக்கிறவன்.

சரி, மகன் ஒலுவில் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர், இரண்டு வருடமாக இந்தக் கரையில்தான் இருக்கிறான், எங்கேயோ ஓர் இடத்தில் இருந்துதானே ஆக வேண்டும்... அதுவல்ல காரணம். காலையில் வேன் மஹியங்கனை வளைவுகளை இறங்கி முடித்த இடத்திலேயே தொடங்கிவிட்டது இது. மலைகள் நின்றுவிட்டன. அதற்குப் பிறகு காடு, பிறகு அம்பாறை, பிறகு வயல், வயல், வயல், முதுகு சாய்க்க ஒரு மேடில்லாத வெளி, தலைக்குமேல் தேவைக்கு அதிகமான வானம். எங்கள் நாவலப்பிட்டியில் வானத்தை இரண்டு மலைக்கு நடுவே அளவாக வைத்திருக்கிறார்கள், பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். இத்தனைக்கும் இது வேறு நாடா? அவருடைய பெயர் அட்டையைப் பாருங்கள், பொன் எழுத்தில் அச்சடித்தது, ஏ.சீ.எம். ஜெமீல், அகில இலங்கை சமாதான நீதவான். அகில இலங்கை என்றால் சாய்ந்தமருதும் அதற்குள் அடக்கம்தானே, அந்தக் கணக்கில் பன்னிரண்டு வருடமாக இவர் இந்த ஊருக்கும் நீதவான், ஊருக்கு இவரைத் தெரியாது, இவருக்கு ஊரைத் தெரியாது, மற்றப்படி அதிகாரத்துக்கு ஒரு குறையுமில்லை. ஆனால் மதியம் பயணி என்ற சலுகையில் லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதபோது மார்க்கமே அவரை வெளியூரான் என்று எழுதிக்கொண்ட மாதிரி இருந்தது.

சிங்கள ஊராக இருந்திருந்தால் இப்படி வந்திருக்காது என்று நினைத்தார். அங்கே அந்நியமாய் இருக்கும் என்று ஆயத்தமாகப் போவோம், ஆயத்தமாக வருவோம். இங்கே எல்லாம் நம்முடையது, அதே பாங்கு, அதே ஸலாம், அதே தொப்பி, தமிழும் தமிழ்தான், ஆனால் பள்ளி வாசலில் தொழுதுவிட்டு வந்து யாருடையதோ செருப்பை மாட்டிக்கொண்ட மாதிரி, அளவு சரி, நிறம் சரி, நடந்தால் மட்டும் கால் சொல்கிறது இது உன்னுடையதில்லை என்று. காலையில் பெண்ணின் தாய் சபூறா வீட்டைச் சுற்றிக் காட்டும்போது “இது கடலுக்குப் பிறகு கட்டின ஊடு” என்றாள், இவர் ஜன்னலால் கிழக்கே பார்த்து, ஓ, கடல், பிறகு வீடு, காற்று நன்றாக வருமே என்று பாராட்டினார். சபூறா அடுத்த அறைக் கதவைத் திறந்தாள். சுனாமியை அவர்கள் கடல் என்று மட்டும் சொல்கிறார்கள் என்பது இரண்டு அறை தள்ளிப் போன பிறகுதான் விளங்கியது. அதற்குள் அவர் காற்றை மூன்று தடவை பாராட்டியிருந்தார்.

அதோடு விட்டதா... முதல் தேநீருக்கு முன்பே நடந்தது வேறு. சபூறாவின் மூத்த சகோதரர் ஹமீட் மரைக்கார், பள்ளி நிர்வாகத்தில் இருக்கிறவர், வெள்ளைத் தாடி, இவருடைய பெயர் அட்டையை வாங்கிக் கண்ணாடி இல்லாமல் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு மிக மரியாதையாகக் கேட்டார், “அப்ப, நீங்க என்ன குடி?” இவர் யோசிக்கவேயில்லை. “சீனி போடாத பிளேன்டீ” என்றார். உள்ளே பெண்கள் பக்கத்தில் ஏதோ பாத்திரம் விழுந்தது, பிறகு சிரிப்பு, திரைச்சீலையே குலுங்குகிற சிரிப்பு, அதில் உரத்த சிரிப்பு தன் மனைவி முஸ்பிறாவுடையது என்பதை இவர் எப்படித் தெரியாமல் இருப்பார். மரைக்கார் சிரிக்கவில்லை, அதுதான் கேவலம். “குடிக்கிறதக் கேக்கல்ல சம்பந்தியார், வம்சத்தக் கேட்ட. உம்மாட வழியால வாற குடி. நாங்க பொன்னாச்சி குடி. ஒரே குடியெண்டா புள்ளைகள் ரெண்டும் சகோதர முறை, முடிக்க ஏலா, அதுக்குத்தான் கேட்டு வைக்கிற.” இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாப்பா வழியில் தொடங்கினார், பாட்டனார் கொண்டு நடத்திய புடவைக்கடை, பெரியவர் கட்டிய பள்ளி, ஏழு தலைமுறை, பரம்பரை வரலாறென்று ஒரு கைநூலே அச்சிட்டிருக்கிறார், முன்னுரையும் அவரே, வாழ்த்துரைக்கும் அவரே ஆள் பிடித்தார். மரைக்கார் பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், “ஓம், நல்லது. உம்மா என்ன குடி?” என்றார். அப்படியொன்று எங்கள் பக்கத்தில் இல்லை என்று சொல்லவேண்டியதாயிற்று. “குடி இல்லாமலும் ஆக்கள் இரிக்காங்களா?” என்று மரைக்கார் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டது பரிகாசமில்லை, உண்மையான கவலை.

பக்கத்து வீட்டு நிஸாம் வந்தது நல்லதாகப் போயிற்று. கையில் ஒரு பிறப்புச் சான்றிதழின் போட்டோ பிரதி. “சேர் நீதவானாமே, ஒரு சைன் வெச்சுத் தந்தா புண்ணியம்.” ரப்பர் முத்திரையைப் பேச்சுக்காலுக்குக் கொண்டுவருவானா ஒருவன் என்று வீட்டில் முஸ்பிறா கேட்டாளே, இதோ, பார்த்தாயா. உண்மைப் பிரதி என்று முத்திரையைக் குத்தி, மையை ஊதிக் காயவைத்து, கையெழுத்தின் வாலை இழுத்துச் சுழித்து, கொஞ்சநேரம் நெஞ்சு நிமிர்ந்து இருந்தது. நிஸாம் தாளை மடித்துக்கொண்டே, “ஜஸாக்கல்லாஹ் சேர். நம்மட றோட்டில மட்டும் எட்டு நீதவான் இரிக்காங்க. இண்டைக்கெண்டு பாத்து எட்டுப் பேரும் ஒரு கலியாணத்துக்குப் போயிட்டாங்க” என்றான். எட்டுப் பேரும் அகில இலங்கையா என்று கேட்கவந்த கேள்வியை ஜெமீல் தேநீரோடு விழுங்கினார்.

ஆனால் இதெல்லாம் அவமானம், அவமானம் வேறு சாமான், அதற்குச் சூடு உண்டு, காது சிவக்கும், இரவு தூங்கினால் போய்விடும். இது சூடில்லாதது. காரணம் தெரியாமல் சும்மா அழுந்துகிறது... சாப்பாட்டுக்கு முன்பு றுஸ்தாவின் வாப்பா நளீமோடு வாசலில் நின்றதிலிருந்து இன்னும் கொஞ்சம் கனம் கூடியிருக்கிறது. நல்ல மனிதர், குறைவாகக் கதைக்கிறவர், உட்கார்ந்தால் கதிரையின் விளிம்பில் உட்காருகிறவர். தெருவால் போன எல்லாரும் அவரை “பொத்துவிலார்” என்றார்கள், இளையவர்கள் அண்ணன் என்ற கணக்கில் காக்காவும் சேர்த்தார்கள். பொத்துவிலார் காக்கா, விருந்தா? பொத்துவிலார், மீன் எடுத்த எங்க? இவர் கேட்டார், நீங்கள் பொத்துவிலா? “ஓம், பொறந்த அங்க. கலியாணம் முடிச்சு இஞ்ச வந்த. முப்பத்தொரு வருஷம்.” முப்பத்தொரு வருடமாகியும் பொத்துவிலாரா? நளீம் சிரித்தார், பல் தெரியாத சிரிப்பு. “என்ட பேரச் சொல்லி ஆரும் கூப்பிட்டா நான் திரும்பமாட்டன், வேற ஆரையோ கூப்பிடுறாங்க எண்டு நினைப்பன். நான் கண்ண மூடி மௌத்தானாலும் பள்ளி ஸ்பீக்கர்ல பொத்துவிலார்ட ஜனாசா எண்டுதான் சொல்லுவாங்க, அப்பதான் ஆக்கள் வருவாங்க.” ஊர் பழகிவிட்டதா என்று கேட்டதற்கு, “தண்ணி ஒரு வருஷம் ஒத்துக்கொள்ளல்ல. பிறகு பழகிட்டு” என்றார், தெருவைப் பார்த்தார், “பழகின மாதிரித்தான்” என்றார். பொத்துவில் இங்கிருந்து ஒன்றரை மணித்தியாலம். அதே கடல்.

அப்படியானால் முஹ்ஸின்... ஜெமீல் எழுந்து உட்கார்ந்தார். நாவலப்பிட்டியார். அறுபது வயதில் என் மகன் இந்தத் தெருவில் கதிரை விளிம்பில் உட்கார்ந்திருப்பான், யாரோ ஒரு நிஸாம், நாவலப்பிட்டியார், மீன் எடுத்த எங்க என்பான். இல்லை, கூடாது. இதுதான் காரணம், கண்டுபிடித்தாயிற்று, நெஞ்சில் கிடந்தது இதுதான், தகப்பன் மனம் முன்கூட்டியே அறிந்திருக்கிறது. காரணம் கிடைத்ததும் அவருக்கு ஒரு தென்பு வந்தது, வாக்கியங்கள் தாமாகவே வரிசையில் நின்றன. கண்ணியத்துக்குரிய பெரியோர்களே, வழக்கத்தை மதிக்கிறோம், ஆயினும் ஒரேயொரு வேண்டுகோள், மணமக்கள் முதலில் ஐந்து வருடம் எங்களோடு, மலைநாட்டில், மேல்மாடியில் இரண்டு அறை சும்மா கிடக்கிறது, மகன் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றம் எடுத்துக்கொள்வான், மருமகள் எங்கள் வீட்டு மகளாக... சம்மதித்தால் சரி, சம்மதிக்காவிட்டால் வேனைத் திருப்ப வேண்டியதுதான். மகன் ஒலுவில் அறையில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இருக்கட்டும். நாவலப்பிட்டியார் என்ற சொல்லை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார், எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று கேட்பதற்காக.

சொன்னதும் அதற்கு இணையாக இன்னொரு சொல் எங்கிருந்தோ வந்து பக்கத்தில் நின்றது. வெலிகாமத்தா. உம்மாவின் குரலில். வெலிகாமத்தா, அடுப்பைப் பார். பிறகு சகோதரிகளின் குரலில், வெலிகாமத்தாவுக்கு நம்மட கறி பிடிக்காதாம். பிறகு, அவசரத்தில், ஒன்றிரண்டு தடவை, சரி, பல தடவை, தன் குரலிலும். முஸ்பிறா இருபத்து மூன்று வயதில் தெற்குக் கரை வெலிகாமத்திலிருந்து, கடலிலிருந்து இருநூறு யார் தள்ளிய வீட்டிலிருந்து, மலைக்கு வந்தவள். வந்த முதல் வாரம் மழை விடவேயில்லை. சமையலறையின் பின்கதவில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருப்பாள், இவர் கேட்டார், ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய், அவள் ஒன்றுமில்லை, குளிர் என்றாள். ஒரு நல்ல கணவன் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தார், அன்றைக்கே கடைத்தெருவில் ஒரு சுவெட்டர் வாங்கினார். அடுத்த வருடமும் கேட்டார், அதே பதில், இன்னொரு சுவெட்டர். பிறகு கேட்பதை விட்டுவிட்டு வருடாவருடம் வாங்கினார். பாடசாலையிலிருந்து ஓய்வுபெற்ற விழாவில் இல்லறத்துக்கு உதாரணமாக இதையே சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறார். அது குளிர்தான். நாவலப்பிட்டியில் குளிரும், எல்லாருக்கும் தெரியும்... இன்று வேன் கல்முனைக்குள் நுழையும்போது அவள் கண்ணாடியை இறக்கினாள், புழுதி வருகிறது ஏற்று என்றார், அவள் ஏற்றவில்லை. வேறு ஒன்றும் நடக்கவில்லை. முகத்தைக் கடற்காற்றுக்குக் கொடுத்துக்கொண்டு இருந்தாள், இவரும் இரண்டாம் தடவை சொல்லாமல் விட்டார், ஏன் விட்டார்.

திரைச்சீலை விலகியது. முஸ்பிறா, கையில் இவருடைய கோட், பின்னால் பெண்களின் கதை இன்னும் அவள் முகத்தில் மிச்சமிருந்தது. “எழும்புங்க, ஆக்கள் வந்துட்டாங்க. முகமெல்லாம் ஏன் இப்படி?” இவர் கதவைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் திட்டத்தைச் சொன்னார், ஐந்து வருடம், மேல்மாடி, பேராதனை, மகன் இங்கே வெளியூரானாகக் கிடக்க வேண்டியதில்லை, றுஸ்தாவைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம், என்ன சொல்கிறாய். அவள் கோட்டின் கழுத்தில் இல்லாத ஒரு தூசியைத் தட்டினாள். கோபமில்லை, கேலியுமில்லை, உப்புப் போதுமா என்று கேட்கிற குரல்.

“அப்ப அந்தப் புள்ளைக்குக் குளிராதா?”

சுவெட்டர் வாங்கிக் கொடுக்கலாமே என்பது அவருடைய நாக்கின் நுனிவரை வந்தது. வந்து அங்கேயே நின்றது. கோட்டைக் கட்டிலில் போட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள், சபூறா ஏதோ சொல்ல அவள் சிரிப்பது கேட்டது, முப்பத்து நான்கு வருடத்தில் அவள் இந்த அளவுக்கு உரக்கச் சிரிப்பாள் என்று தெரியாது, காலையில் சிரித்தது குடியைப் பற்றி இவர் உளறியதற்குத்தான் என்று நினைத்திருந்தார். மண்டபத்தில் கதிரைகள் இழுபட்டன. “சம்பந்தியார், வாங்க, கதைப்பம்” என்று மரைக்காரின் குரல். வாறன் என்றார். கண்ணியத்துக்குரிய பெரியோர்களே... அதற்குப் பிறகு என்ன இருந்தது? கோட்டுக்குள் கையை விட்டபடி, அந்த முதல் சுவெட்டரை, மண் நிறம், கழுத்தில் இரண்டு வெள்ளைக் கோடு, கடைக்காரர் பெயர்கூட நினைவிருக்கிறது, மழை படாமல் தாளில் சுற்றி ஓடிவந்தது நினைவிருக்கிறது, அதை அவள் போட்டுக்கொண்டு நின்ற ஒரு நாளை, ஒரேயொரு நாளை, அவர் தேடிக்கொண்டு நின்றார், மற்றக் கை கோட்டுக்கையின் வாயைக் கண்டுபிடிக்காமல் பின்னால் துழாவிக்கொண்டிருந்தது...